ஏழாம் கேள்விக்கு நான்கு பக்கம்

யாருக்கும் பயப்படுவதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை மாலை, நாலேமுக்கால் மணிக்கு. அதற்கு முந்தைய பத்தொன்பது வருடப் பணிக்காலத்தில் அப்படியொரு முடிவை நான் எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்ததற்குக் காரணம், கையிலிருந்த படிவத்தின் மேல்பகுதியில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த மூன்று சொற்கள்: 'பெயர் எழுத வேண்டாம்.'

பெயர் எழுத வேண்டாம் என்றால் நான் சிங்கம். எழுத வேண்டும் என்றால் நான் என்ன என்பது என் மனைவிக்குத் தெரியும். அதை வெளியே சொல்லாமலிருப்பது அவளுடைய பெருந்தன்மை.

நான் ஒரு தனியார் பள்ளியில் மொழி ஆசிரியன். தமிழ் நடத்துகிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ஒற்று சார்'. க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதால் வந்த பெயர். அதைக்கூட நடுவில் ஒரு 'ச்' போட்டு 'ஒற்றுச் சார்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் திருத்தப் போய், அன்றோடு அது நிலைத்துவிட்டது. மற்ற விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்கிறவன்தான். வீட்டில் ரிமோட், பள்ளியில் கால் ஆடாத நாற்காலி, பேருந்தில் ஜன்னலோரம், எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாயிற்று. ஒற்று ஒன்றுதான் பாக்கி.

படிவம் நிர்வாகத்திடமிருந்து வந்தது. எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே படிவம், பத்துக் கேள்விகள். முதல் ஆறும் மின்விசிறி, கழிவறை, கரும்பலகை பற்றியவை. எட்டிலிருந்து பத்து வரை என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஏழாவதில் நின்றுவிட்டேன். 'உங்கள் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் கிடைப்பதாக உணர்கிறீர்களா?' விடை எழுத இரண்டு வரி விட்டிருந்தார்கள்.

அன்று மதியம்தான், கை கழுவும் இடத்தில், பக்கத்துக் குழாயில் நின்ற நீச்சல் மாஸ்டர் தன் சம்பளத்தைச் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். என் கை குழாயடியிலேயே நின்றுவிட்டது. அவர் வாங்குவதில் முக்கால் பங்குதான் நான் வாங்குகிறேன். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிறார், அவர்கள் கரையேறுகிறார்கள், விசில் ஊதுகிறார், மணி அடிக்கிறது. நானும் பிள்ளைகளை மொழிக்குள் இறக்கிவிடுகிறேன். ஒருத்தரும் கரையேறுவதில்லை. எனக்கு விசிலும் இல்லை.

என்னிடம் நான்கு வகுப்புகள், நூற்றறுபது பிள்ளைகள். 'எனக்குப் பிடித்த பறவை' என்று ஒரு கட்டுரை கொடுத்தால் நூற்றறுபது பறவைகள் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்காரும். அதில் நூற்றுப்பத்துக் கிளி. கணக்கு ஆசிரியர் விடையைப் பார்த்து ஒரு கோடு போட்டால் ஒரு நோட்டு முடிந்தது. நான் ஒவ்வொரு வாக்கியத்திலும் தொலைந்துபோன வினைச்சொல்லைத் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். இது வேலை என்றே பலருக்குத் தெரியாது. பேச்சு எல்லார் வாயிலும் இருக்கிறதே, அதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். எங்கள் மேல்வீட்டுக்காரர் குடியிருப்போர் சங்கத்தின் பத்துப் பக்க அறிக்கையைக் கொண்டுவந்து, சும்மா ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்பார். அவர் குழாய் பழுது பார்க்கிறவர். என் வீட்டுக் குழாயை அவர் சும்மா ஒரு பார்வை பார்த்ததில்லை.

ஆகவே, கையெழுத்து காட்டிக்கொடுக்காமலிருக்க இடப்பக்கம் சாய்த்து எழுதினேன். இரண்டு வரியில் அடங்கவில்லை. இணைப்புத் தாள் வைத்தேன். ஆறரை மணிக்கு நான்கு பக்கம் முடிந்திருந்தது. 'வல்லினம் மிகா இடங்கள் உண்டு. ஊதியம் மிகா இடம் எங்கள் துறை' என்று தொடங்கியிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் என் வாழ்நாளின் மிகச் சிறந்த பத்தி இடம் பிடித்தது: 'குற்றியலுகரம் பார்வைக்கு முழு உகரம், வாயில் வரும்போது அரை மாத்திரை. எங்கள் ஊதியமும் குற்றியலுகரமே. தாளில் முழுசு, கையில் பாதி.'

மனைவி வேலையிலிருந்து வந்தாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். இலக்கணத்தில் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்று ஒன்று உண்டு. நாள் முழுக்க நான் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். அவள் ஈறு கெட்டவர்களை மட்டும் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வருவாள். களைப்பு இருவருக்கும் ஒன்றுதான்.

நீலக் கோட்டைக் கழற்றாமல், நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"பேரு போடலையே?"

"போட வேண்டாம்னு மேலேயே இருக்கு."

"பேர் இல்லன்னா யாருக்கு ஏத்துவாங்க?"

இது தனி மனிதனின் பிரச்சினை அல்ல, கொள்கைப் பிரச்சினை என்று விளக்கினேன்.

"அப்ப கொள்கைக்கு ஏத்தட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை, ஆசிரியர் அறையில் வைத்திருந்த பெட்டியில் உறையைப் போட்டேன். உறை தடிமனாக இருந்ததால் வாயில் சிக்கிக்கொண்டது. விரலால் குத்தி உள்ளே தள்ளினேன். அன்றைக்குப் பூராவும் நான் நடந்த நடையே வேறு.

அந்த நடை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி வரைதான் தாங்கியது. ஆசிரியர் கூட்டத்தில் பிரின்சிபால் எழுந்து நின்றார். அந்த அம்மா குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் அவரிடம் உள்ள பயங்கரம். படிவங்கள் எல்லாவற்றையும் தானே படித்துவிட்டதாகச் சொன்னார். பெயர் கேட்கவில்லை, ஆனாலும் படித்தால் யாருடையது என்று தெரியாமல் போகாது என்றார். "ஒருத்தர் நாலு பக்கம் எழுதியிருக்கார். குற்றியலுகரம்னு என்னவோ சொல்லியிருக்கார். அவர்கிட்ட நான் தனியா பேசணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்ததாகக் குடிநீர்த் தொட்டி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கூட்டத்தில் மேற்கொண்டு பேசியது ஒன்றும் என் காதில் விழவில்லை.

பள்ளியில் மொழி ஆசிரியர்கள் ஐந்து பேர். ஐந்து பேரில் நான்கு பக்கத்தை ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதக்கூடியவன் ஒருவன்தான். அதைவிட மோசம், அந்தக் குற்றியலுகர நகைச்சுவையை ஒரு மாதத்துக்கு முன்னால் இதே ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் நானே சொல்லியிருந்தேன். ஆறு பேர் சிரித்தார்கள். நீச்சல் மாஸ்டருக்குப் புரியவில்லை, அதனால் அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

கூட்டம் முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். "சார், அந்த 'உ' ஜோக் நீங்க சொன்னதுதானே?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்து, அது என்னுடையது இல்லை, நம் இளைய டீச்சர் சொன்னது, நான் அவரிடம் கேட்டுத்தான் உங்களிடம் சொன்னேன் என்று சொல்லிவிட்டது. ஓகோ என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இளைய டீச்சர் எங்கள் ஐந்து பேரில் கடைசியாகச் சேர்ந்தவர். தற்காலிகப் பணி. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது. ஒரு சின்னப் பேச்சால் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் முழுவதும் நான் ஒற்று சார் இல்லை, ஒற்றன். தாழ்வாரத்தில் பிரின்சிபாலின் செருப்புச் சத்தம் கேட்டால் நூலகத்துக்குள் நுழைந்துவிடுவேன். என் எழுத்து நடையை வைத்து என்னைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கரும்பலகையில் 'வாழ்த்து கடிதம் எழுதி காட்டுக' என்று எழுதினேன். முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, இரண்டு இடத்தில் 'க்' விட்டுப்போயிருக்கிறது சார் என்றாள். சில நேரம் அப்படியும் எழுதலாம் என்று சொன்னேன். பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம், சாருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னது காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அறிவிப்புப் பலகைக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினேன். அதில் ஏழு பிழை. ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்து வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் யாரோ பென்சிலால் ஏழையும் திருத்தியிருந்தார்கள். பத்தொன்பது வருடம் சொல்லிக்கொடுத்தது வீணாகவில்லை என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வியர்த்தது.

சம்பளம் குறைவு என்று எழுதியவனுக்கு, இருக்கிற சம்பளமும் போய்விடுமோ என்கிற பயம். மகளுக்கு அடுத்த வருடம் கல்லூரி. வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம். இந்த வயதில் வேறு எந்தப் பள்ளியில் போய், நான் குற்றியலுகரம் நன்றாக நடத்துவேன் என்று சொல்லி நிற்பது?

வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் இளைய டீச்சர் என் மேஜைக்கு வந்தார். நோட்டுக் கட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ஒரு நிமிடம் பேசலாமா என்றார்.

"நான்தான் அந்த நாலு பக்கத்தை எழுதினேன்னு எல்லாரும் பேசிக்கறாங்க, சார். நான் எழுதல. எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல. ஏழாவது கேள்விக்கு நான் 'ஆம்'னு மட்டும்தான் எழுதினேன்."

நான் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

"வாங்கற சம்பளம் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியாப் போயிடுது. ஆனாலும் 'ஆம்'னு எழுதிட்டேன். வர்ற மாசம் ஒப்பந்தம் முடியுது. இப்ப இப்படிப் பேசறாங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது, சார்?"

பார்க்கலாம், கவலைப்படாதீர்கள் என்றேன். உலகத்தில் அதைவிடக் கேவலமான வாக்கியம் ஒன்றை நான் சொன்னதில்லை. எழுவாயும் இல்லை, பொருளும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்த நகைச்சுவையை யார் தலையில் கட்டினேன் என்கிற இடம் வந்ததும் கத்தி நின்றது.

"அந்தப் பொண்ணு பேரையா சொன்னீங்க?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாளைக்கே போய், எழுதியது நான்தான் என்று சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை பிரின்சிபால் அறை வாசலுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் முறை கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் பேசவில்லை, அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். வழி தவறி வந்தவன்போல் மாடிப்படியை நோக்கி நடந்துவிட்டேன்.

மாலையில் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. என் யோசனைகள் எல்லாம் மாலையில் பிறப்பவை. பெயர் போடாமல் எழுதிய நான்கு பக்கத்தை, பெயர் போட்டு எழுதிய ஒரு பக்கத்தால் அடித்துவிடலாம். உட்கார்ந்து எழுதினேன். 'எனக்கு வழங்கப்பட்டு வரும் ஊதியம் முழு மனநிறைவை அளிக்கிறது.' கீழே கையெழுத்து, தேதி. மனைவி எட்டிப் பார்த்தாள். இதில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றாள். ஆமாம், இல்லை. இன்னொரு பத்தி சேர்த்தேன்: 'இப்பள்ளியின் மொழி ஆசிரியர் எவரும் ஊதியம் குறித்துக் குறைகூறும் இயல்பினர் அல்லர்.' இப்போது ஐந்து பேரும் காப்பாற்றப்பட்டுவிட்டார்கள் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை பிரின்சிபால் அம்மா பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள மனைவியின் மருத்துவமனைக்கு வருவது எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் வலது கடைவாய்ப் பல் எங்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பேசப்படும் விஷயம். கடிதத்தை நீயே கொடுத்துவிடேன் என்று கேட்டேன். ஏன், உங்களுக்குக் கை இல்லையா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பெண்கள் உடனே ஒப்புக்கொண்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பதினேழு வருடத் திருமண வாழ்க்கை போதாது இதற்கெல்லாம்.

சனிக்கிழமை காலை முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன். கிளிகளைத் திருத்தலாம் என்று ஒரு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்றேகால் மணிக்கு மனைவி வந்தாள்.

"குடுத்துட்டியா?"

"எல்லாம் சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க? ஊசி போட்டு, பாதி வாய் மரத்துப்போச்சு. அது நல்லா பிடிக்கணும்னு இருபது நிமிஷம் என் மேஜைக்குப் பக்கத்துலதான் உக்கார வெச்சிருந்தோம். பேச முடியல. தலைய ஆட்டினாங்க."

"மேலும் கீழுமா, பக்கவாட்டுலயா?"

"ரெண்டும்."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. கடைசியில் தண்ணீர் குடித்துவிட்டு, திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பிரின்சிபாலைப் பார்க்க எனக்கு நேரம் குறித்திருப்பதாகச் சொன்னாள். யாரைக் கேட்டுக் குறித்தாய் என்றேன். காலியாக இருந்த ஒரே நேரம் அதுதான், தவறவிட்டால் அடுத்த மாதம்தான் என்றாள். மருத்துவமனைக் குரல். அந்தக் குரலுக்கு எதிரில் நான் என்றல்ல, யாருமே வாயை மூட முடியாது, திறக்கத்தான் முடியும்.

திங்கட்கிழமை பத்து இருபத்தொன்பதுக்கு வாசலில் நின்றேன். பத்தரைக்கு உள்ளே வரச் சொல்லிவிட்டு, காதிலிருந்த போனை மேஜைமேல் வைத்தார். வலது கன்னம் வீங்கியிருந்தது. இடது பக்கத்தால் மட்டும் பேசினார். உட்காரச் சொன்னார். நான் முந்திக்கொண்டு, கடிதத்தைப் பார்த்தீர்களா மேடம் என்றேன். எந்தக் கடிதம் என்று கேட்டார்.

இழுப்பறையைத் திறந்து என் நான்கு பக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை நீங்கதான் எழுதினீங்கன்னு உங்க மனைவி சொன்னாங்க. ரொம்பப் பெருமையாச் சொன்னாங்க."

பெருமை என்கிற சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. மறுக்கத் தயாராகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். நிர்வாகம் ஊதியத்தை மாற்றி அமைக்கலாம் என்று நினைத்துத்தான் அந்தக் கேள்வியையே வைத்ததாம். கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் ஏழாவது கேள்விக்கு ஒரே ஒரு எண்ணை எழுதியிருந்தார்களாம், வேறு ஒரு எழுத்துகூட எழுதவில்லையாம். "நீங்க நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. எனக்குப் பிடிச்சிருந்துது, ரெண்டு தடவை படிச்சேன். ஆனா இதுல ஒரு எண் இல்ல. நிர்வாகத்துக்கு நான் என்னன்னு எழுதி அனுப்பறது? எவ்வளவு வேணும்?"

பத்தொன்பது வருடம் நான் காத்திருந்த கேள்வி. குறைந்தது இருபத்தைந்து சதவீதம் என்று மனதுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து தொண்டைக்கு வரும்போது பதினைந்தாகி, பல்லுக்கு வரும்போது பத்தாகி, வெளியே விழும்போது ஐந்தாக விழுந்தது. 'முடிந்தால்' என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டேன்.

"அஞ்சா?"

அவர் தன் கைப்பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்தார். மருத்துவமனையில் அடுத்த முறை வர வேண்டிய நாளைக் குறித்துக் கொடுக்கும் அட்டை. தேதிக்குக் கீழே என் மனைவியின் உருண்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'மொழி ஆசிரியர்கள் ஐந்து பேர். இருபது சதவீதம்.'

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் நோட்டுகளை நகர்த்திவிட்டு மூலையில் தட்டு வைத்துச் சாப்பிடுவதை, ஒரு கட்டுரையைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை, இளைய டீச்சர் பயந்துபோய் 'ஆம்' என்று எழுதியதை, எல்லாவற்றையும் அந்த இருபது நிமிடத்தில் அவள் சொல்லியிருக்கிறாள். குறுக்கே பேச முடியாமல் ஒருவர் சொல்வதை முழுவதும் கேட்பது தனக்கே புது அனுபவமாக இருந்தது என்றார் பிரின்சிபால். பரிந்துரையை இருபது என்று எழுதிக் காலையிலேயே தயார் செய்துவிட்டாராம். நிர்வாகம் ஒப்புக்கொள்ளும் என்று நம்பிக்கை இருக்கிறதாம்.

"ஆனா எழுதினவர் நீங்க. நீங்களே அஞ்சு போதும்னு சொல்றீங்க. அஞ்சு பேருக்கும் அஞ்சுன்னு மாத்திடட்டுமா?"

பேனாவை எடுத்துவிட்டார். நோட்டுக் கட்டை அணைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். இன்னும் மூன்று பேர் அவர் பின்னால். எனக்குக் கொள்கை ஞாபகம் வரவில்லை, வல்லினம் ஞாபகம் வரவில்லை. வாயில் வந்தது உண்மை ஒன்றுதான்.

"மேடம், எங்க வீட்டுல அவ சொல்றதுதான் கடைசி. பதினேழு வருஷமா அப்படித்தான். நான் சொல்றத அங்க யாரும் எடுத்துக்கறதில்ல. தயவுசெஞ்சு நீங்களும் எடுத்துக்காதீங்க."

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சிரித்தால் வலிக்கும் போலிருக்கிறது. பேனாவை மூடி வைத்தார். நான் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன், அந்த நகைச்சுவை என்னுடையது, இளைய டீச்சர் பெயரைச் சொன்னதும் நான்தான் என்றேன். தெரியும், அதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார்.

போனேன். தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னேன். இளைய டீச்சர் நோட்டுக் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, ரொம்பப் பயந்துட்டேன் சார் என்றார். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். மணி அடித்தது, இருவரும் அவரவர் வகுப்புக்குப் போனோம். அன்று கரும்பலகையில் எல்லா ஒற்றும் அதனதன் இடத்தில் இருந்தது.

நான்கு மணிப் பேருந்தில் வீட்டுக்கு வரும்போது எனக்கு இன்னொரு யோசனை பிறந்தது. மாலை நேரம் என்பதைக் கவனியுங்கள். அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குப் பாதி வாய்தான். மற்றவன் நான். நடந்ததை எனக்கு வேண்டியபடி திருத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. திருத்துவதுதான் என் தொழில். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாளாவது மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கட்டும்.

மனைவி வேலை முடிந்து வந்து கூடத்தில் துணி மடிக்கத் தொடங்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். வாசலில் நான் தயங்காமல் நின்றதில் தொடங்கி, உட்காரச் சொல்லும் முன்னாலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது, நான்கு பக்கமும் நானே எழுதினேன் என்று மேஜையைத் தட்டிச் சொன்னது, மொழி ஆசிரியர் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று கேட்டது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நீ அட்டையில் இருபது என்று குறித்துக் கொடுத்தாயாமே, அது நல்லதுதான், ஆனால் அதற்குத் தேவையே இருக்கவில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். பயமாக இல்லையா என்று கேட்டாள். பயமா, எனக்கா என்றேன். எவ்வளவு வேண்டும் என்று அந்த அம்மா கேட்டதும் உடனே சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள்.

"மூச்சு விடறதுக்குள்ள. இருபது. அதுக்கு ஒரு பைசா குறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்."

"பரவாயில்லையே" என்றாள். கண் அகல நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பார்வைதான். கடைசித் துண்டையும் மடித்து, அடுக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், அலமாரிக்குப் போகிற வழியில் திரும்பாமலே சொன்னாள்:

"வீக்கம் எப்படி இருக்குன்னு கேக்கப் பத்தரைக்கு நான்தான் அவங்களுக்குப் போன் பண்ணினேன், நீங்க உள்ள வந்ததும் அவங்க போனை அப்படியே மேஜை மேல வெச்சுட்டாங்க, நானும் கட் பண்ணல."